கடைசி லயத்துக் குழாயும் முதலாம் ட்ரஃபும்

நான் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் ஐந்து லயங்களுக்கும், அதாவது தொழிலாளர்களின் ஐந்து வரிசை வீடுகளுக்கும், சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய்தான். மலைமேல் ஓடைநீர் வந்து விழும் பீலியை மறித்துக் கட்டிய தொட்டியிலிருந்து அது கிளம்பும். லயத்துக்கு ஒரு கிளை, கிளைக்கு ஒரு குழாய். எங்கள் லயம் கடைசி. பள்ளத்தில் இறங்கிய குழாய் மறுபடி மேடேறி வந்துதான் எங்களைத் தொடும். காலையில் கீழே நான்கு குழாய்களும் திறந்திருந்தால் எங்களுக்கு வருவது காற்றும் இருமலும் மட்டும்தான்.

அம்மா கொழுந்துக்குப் போக வேண்டும். "ஓடிப்போயி மூணாம் லயத்துல கொஞ்சம் மூடச் சொல்லுடா" என்று விரட்டுவார். ஓடுவேன். மூன்றாம் லயத்தில் மூடினால் எங்களுக்கு நூல் பிடித்தாற்போல் கொஞ்சம் வரும். அதற்குள் இரண்டாம் லயத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேகமாகக் கொட்டும். அதைப் பார்த்து அவர்கள் இன்னொரு குடத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் மூடச் சொன்னது எங்களுக்காக. லாபம் அவர்களுக்கு. ஏழெட்டு வயதில் இதை அநியாயம் என்று நினைத்தேன். பிறகு டெக்னிக்கல் கொலேஜில் படித்தபோதுதான் அது கணக்கு என்று தெரிந்தது. அநியாயமும்தான் என்று இப்போதும் தோன்றுகிறது, அது வேறு விஷயம்.

படிப்பு முடிந்து நான் வேலைக்குச் சேர்ந்தது ஒரு தேயிலைத் தொழிற்சாலையில். எங்கள் ஆட்கள் ஸ்டோர் என்பார்கள். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டர் உயரத்தில் இருந்தது. பெயர் வேண்டாம். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேர்ந்த வருடம் ஆனி மாதம், தென்மேற்குப் பருவ மழை பிடித்து இரண்டு வாரம் சூரியனே தெரியாத ஒரு விடியலில், தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா என்னைக் கூப்பிட்டு ஒரு கைப்பிடி இலையை உள்ளங்கையில் வைத்தார். விளிம்பெல்லாம் சிவந்து, உருட்டினால் நொறுங்கியது. அடுத்த கையிலும் இலை வைத்திருந்தார். அது நேற்றுப் பறித்த மாதிரியே விறைப்பாக, ஈரமாக இருந்தது.

"இது ஆறாம் ட்ரஃபு, இது ஒண்ணாம் ட்ரஃபு. ஒரே ராத்திரி, ஒரே சூடு. என்னா தம்பி இது?"

தெரியாதவர்களுக்காக இடத்தை விளக்கிவிடுகிறேன். பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ரோலரில் போட்டு உருட்டுவதற்கு முன் அதை வாட்ட வேண்டும். இரவோடு இரவாக அதன் எடை ஏறக்குறையப் பாதியாகக் குறைய வேண்டும். இதற்காக ஸ்டோரின் மாடியில் நீளநீளமான தொட்டிகள் இருக்கும். அவைதான் ட்ரஃப். மேலே கம்பி வலை, வலைமேல் கொழுந்து, வலைக்குக் கீழே ஃபேன் தள்ளும் காற்று. வெயில் காலத்தில் வெளிக்காற்றே போதும். பருவ மழையில் மாடி ஜன்னல் வழியாக மூடுபனியே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். உலர்குமிழ் வெப்பமானிக்கும் ஈரக்குமிழ் வெப்பமானிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம்கூட இருக்காது, அதாவது காற்று இனி ஈரத்தை வாங்காது. அந்தக் காற்றை இரவு முழுக்க ஊதினாலும் இலை வாடாது. அதனால் கீழே விறகு அடுப்பில் சூடாக்கிய காற்றை ஒரு பெரிய தகரக் குழாயில் மாடிக்கு ஏற்றி, ஒவ்வொரு ட்ரஃபுக்கும் ஒரு கிளை பிரித்துக் கொடுப்போம். ட்ரஃபின் வாயில் ஒரு சிறிய அறை இருக்கும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் சூடான காற்று. இரண்டும் அங்கே கலந்து ஃபேனுக்குள் போகும்.

சூடான காற்று எவ்வளவு வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கிளையில் இருக்கும் டெம்பர். தண்ணீருக்கு வால்வு மாதிரி காற்றுக்கு இது. குழாய்க்குள் அச்சில் திரும்பும் ஒரு தகரத் தட்டு, வெளியே ஒரு கைப்பிடி. ஆறு ட்ரஃப், ஆறு டெம்பர். வாட்டும் மாடியைப் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஊர்க்காரர், நான் மாமா என்று கூப்பிடுகிற மனிதர். முப்பது வருட அனுபவம். இலையை முகர்ந்தே எத்தனை மணிக்கு இறக்கலாம் என்று சொல்வார். ஆனால் டெம்பரை அவர் வைத்திருந்த விதத்தில் எனக்கும் எந்தத் தப்பும் தெரியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றாம் ட்ரஃபின் டெம்பரைப் பாதி மூடியிருந்தார். கடைசியில் இருக்கும் ஆறாவதை முழுக்கத் திறந்திருந்தார். தூரத்தில் இருப்பதற்குக் காற்று போய்ச் சேராது என்ற நியாயம்தான். கடைசி லயத்தில் வளர்ந்தவன் நான், எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அதனால் முதல் இரண்டு நாட்கள் நான் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனம். ஆறாவதில் சூடு அதிகமா, கொஞ்சம் மூடு. உடனே ஐந்தில் ஏறியது. ஐந்தை மூடினேன், நான்கில் ஏறியது. கீழே இறங்கி டீ குடித்துவிட்டு வந்தால் ஆறு மறுபடி ஏறியிருந்தது. மாமா ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இரவு ஷிப்ட்காரர் வந்து தனக்குத் தோன்றியபடி எல்லாவற்றையும் மாற்றிவிட்டுப் போனார். மூன்றாம் நாள்தான் மூளை வேலை செய்தது. இது எங்கள் லயத்துக் குழாயேதான். ஒரே குழாயிலிருந்து பிரிகிற கிளைகளில் ஒன்றின் டெம்பரைத் தொட்டால் மற்ற ஐந்தையும் தொட்டதாகிவிடும். ஒன்றை மூடும்போது பெரிய குழாயில் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் மிச்சமிருக்கும் கிளைகளுக்குள் காற்றைத் தள்ளும்.

காற்றை அளக்க எங்களிடம் கருவி இல்லை. வாங்கித் தரச் சொல்லி எழுதிய கடிதம் எந்த மேசையில் இருக்கிறதோ. ஆனால் வெப்பமானி இருந்தது. அதுவே போதும் என்று ஒரு இரவில் தோன்றியது, இன்றுவரை அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. வெளிக்காற்று 18 டிகிரி, பெரிய குழாயில் வரும் காற்று 58 டிகிரி, கலந்த பின் 26 டிகிரி என்றால் என்ன அர்த்தம்? இரண்டுக்கும் இடைவெளி 40. அதில் 8 ஏறியிருக்கிறது. ஆக, ஃபேனுக்குள் போகும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு சூடான குழாயிலிருந்து வந்தது. ஆறு ஃபேனும் ஒரே அளவு, ஒரே வேகம். எனவே ஆறு வெப்பமானிகள் எனக்கு ஆறு ஓட்டமானிகள். சூடான காற்று லேசானது என்பதால் கன அளவில் கொஞ்சம் பிசகும், ஆனால் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட இது தாராளமாகப் போதும்.

எல்லா டெம்பர்களையும் முழுக்கத் திறந்து ஆறையும் வாசிக்கலாம் என்று முடிவு செய்தோம். திறந்து இரண்டு நிமிடம் ஆகவில்லை, கீழே அடுப்பு ஃபேனின் மோட்டர் ட்ரிப் ஆகி நின்றது. அடுப்புக்காரர் கத்தினார். காற்றுப் போகாமல் நின்றால் உள்ளே ஹீட்டர் குழாய்கள் சிவந்து கருகிவிடும், அவர் கத்தியது நியாயம். அந்த ஃபேன் பழைய சிரோக்கோ. வார்ப்பிரும்புத் தகட்டில் பெல்ஃபாஸ்ட் என்று இன்னும் தெரியும். சாமுவேல் டேவிட்சன் என்பவர் அசாமில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து, தேயிலை உலர்த்த இயந்திரம் செய்யப் புறப்பட்டு, 1881இல் பெல்ஃபாஸ்டில் அந்தச் சிரோக்கோ தொழிற்சாலையைத் தொடங்கியவர். இதழ்கள் சுழலும் திசையை நோக்கியே வளைந்திருக்கும் ஃபேன் அவருடைய கைவண்ணம். அந்த வகை ஃபேனில் ஒரு குணம் உண்டு. எதிர்ப்பு குறையக் குறைய அது அதிகக் காற்றை அள்ளும், அள்ள அள்ள மோட்டர் அதிகக் கரண்ட் இழுக்கும். வழியைத் திறந்துவிட்டால் வேலை சுலபமாகும் என்று நாம் நினைப்போம், அதற்கு நேர்மாறு. அப்புறம் ஃபேனை ஒட்டிய பெரிய டெம்பரைப் பாதி மூடிவைத்துத்தான் ஆறையும் திறந்தோம்.

வாசிப்பு வந்தது. ஒன்றாம் ட்ரஃப் 22. இரண்டு 24. மூன்று 26, நான்கு 27, ஐந்தும் ஆறும் 28. எல்லாம் முழுக்கத் திறந்திருக்கும்போதே ஆறாவதுக்கு ஒன்றாவதைவிட இரண்டரை மடங்கு சூடான காற்று போகிறது. இதில் ஒன்றாவதைப் பாதி மூடி வேறு வைத்திருந்தோம்!

ஏன் இப்படி? மாமா கேட்டார், எனக்கு உடனே பதில் தெரியவில்லை. பழைய நோட்டுக் கொப்பியைத் தேடி எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எங்கள் குழாய் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அகலம். முதல் கிளையருகே ஆறு கிளைகளுக்கான காற்றும் ஒன்றாக ஓடுகிறது, அதனால் வேகம் அதிகம். வேகமாக ஓடும் காற்று பக்கவாட்டில் தள்ளுவது குறைவு, முதல் கிளையின் வாயைத் தாண்டிப் பாய்ந்துவிடுகிறது. ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் காற்று பிரியப் பிரிய, மிச்சமுள்ள காற்றின் வேகம் குறைகிறது. குறைந்த வேகம் அழுத்தமாக மாறுகிறது. கடைசிக் கிளைக்கு வரும்போது காற்று நின்று முட்டுகிறது. குழாய் மிக நீளமாக, உட்புறம் சொரசொரப்பாக இருந்தால் உராய்வு அந்த அழுத்தத்தை எல்லாம் தின்றுவிடும், அப்போது கடைசி ஆள் பட்டினி. எங்கள் லயத்துக் குழாயில் நடந்தது அது, போதாததற்கு மேடு வேறு. மாடியில் இருந்ததோ குட்டையான, அகலமான தகரக் குழாய், உராய்வு சொற்பம். எனவே முதல் ஆள் பட்டினி.

நம்பிக்கை வரவில்லை, அளந்து பார்த்துவிடலாம் என்று கண்ணாடிபோல் உள்ளே தெரியும் ரப்பர் குழாய் ஒன்றை வாங்கினேன். உள்ளே தேயிலைச் சாயம் கலந்த தண்ணீர். ஒரு முனை தகரக் குழாயில் போட்ட துளையில், மறுமுனை வெளியே. எங்கள் கணக்கில் வேகம் நொடிக்குப் பத்து மீட்டர். 58 டிகிரிச் சூடும் இந்த உயரமும் சேர்ந்து காற்றை மெலிதாக்கியிருப்பதால், அந்த வேகத்தின் மொத்த அழுத்தமே நாலரை மில்லிமீட்டர் தண்ணீர்தான். நிமிர்த்திப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. பலகையைப் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து, அதில் குழாயைக் கட்டினேன். இப்போது ஒரு மில்லிமீட்டர், பத்து மில்லிமீட்டராக ஊர்ந்தது. முதல் கிளையருகே இருந்ததைவிடக் கடைசியில் 25 மில்லிமீட்டர், அதாவது நேராகப் பார்த்தால் இரண்டரை மில்லிமீட்டர் கூடுதல். அந்த இரண்டரை மில்லிமீட்டர்தான் ஒரு ட்ரஃபைக் கருக்கியதும் ஒன்றைப் பச்சையாக விட்டதும்.

பிறகு சரிசெய்தது ஒரே இரவில் முடிந்தது, ஆனால் அதன் வரிசை முக்கியம். எல்லோருடைய கையும் முதலில் எங்கே போகும்? அதிகம் வாங்குகிறவனைப் பிடித்து மூடப் போகும். முதலில் பார்க்க வேண்டியது, இருப்பதிலேயே குறைவாக வாங்குவது எது என்று. எங்களுக்கு அது ஒன்றாம் ட்ரஃப். அதன் டெம்பர் முழுக்கத் திறந்தபடி இருக்கும், அதை இனி தொடவே கூடாது. அடுத்துக் குறைவாக வாங்கும் இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, அதன் சூடும் ஒன்றாவதின் சூடும் ஒன்றாகும்வரை வர வேண்டும். இப்படி மூடும்போது ஒன்றாவது தானாகச் சற்று ஏறும், அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே போக வேண்டும். பிறகு மூன்றாவதை இந்த இரண்டோடும் ஒப்பிட வேண்டும். இப்படியே ஆறுவரை. இதில் அழகு என்னவென்றால், ஒருமுறை சமமாக்கிய ஒன்றும் இரண்டும் பின்னால் மூன்றை என்ன செய்தாலும் தங்களுக்குள் பிரிவதில்லை. கூடினால் இரண்டும் கூடும், குறைந்தால் இரண்டும் குறையும். காரணம், காற்றின் ஓட்டம் இரட்டிப்பானால் அழுத்த இழப்பு நான்கு மடங்காகும் என்ற ஒரே விதிதான் எல்லாக் கிளைகளுக்கும். வெளியிலிருந்து வரும் மாற்றம் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் போகிறது. கடைசியாக ஃபேனருகே பெரிய டெம்பரைத் திருப்பி மொத்தத்தையும் வேண்டிய சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு ஆறு ட்ரஃபும் 24க்கும் 25க்கும் நடுவில் நின்றன.

டெம்பரைத் திருப்பியவர்களுக்கு இன்னொரு விஷயம் தெரிந்திருக்கும். கைப்பிடி பாதி திரும்பினால் காற்றும் பாதியாகும் என்பது பொய். முழுக்கத் திறந்த நிலையிலிருந்து முதல் முப்பது பாகை திருப்பும்வரை ஒன்றும் நடக்காது. பிறகு, மூடும் தறுவாயில், ஒரு விரற்கடையில் எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஆறாவதின் கைப்பிடியை அந்த விரற்கடைக்குள்தான் நாங்கள் பிடித்து வைத்தோம். யாராவது துண்டை மாட்டினாலும் நகர்ந்துவிடும். எனவே கைப்பிடியிலும் அதன் பின்னாலிருந்த வளைதகட்டிலும் சேர்த்துத் துளை போட்டு, போல்ட் முறுக்கி, சிவப்புப் பெயின்ட் அடித்தேன்.

மறுநாள் இரவே பிரச்சினை வந்தது. இலை இறக்கிய ட்ரஃபுக்குச் சூடு வேண்டாம், டெம்பரை மூட வேண்டும். போல்ட் போட்டாயிற்று, எப்படி மூடுவது? ஒரே வால்விடம் இரண்டு வேலை வாங்கியது நாங்கள் அத்தனை நாள் செய்த தப்பு. ஒவ்வொரு கிளையிலும் டெம்பருக்குப் பின்னால் ஒரு பலகைக் கதவு செருகினோம். இழுத்தால் திறப்பு, தள்ளினால் அடைப்பு, நடுவில் நிற்காது. அளவுக்கு ஒன்று, திறந்து மூட ஒன்று.

அதோடும் தீரவில்லை. இரவு இரண்டு மணிக்கு மூன்றாவதும் நான்காவதும் இறங்கி, அவற்றின் கதவுகளை அடைத்ததும், அவற்றின் காற்று மற்ற நான்குக்கும் போனது. அன்று விடியலில் ஐயா என் கையில் வைத்த சிவந்த இலைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது அப்போதுதான் உறைத்தது. பெரிய டெம்பரை அதற்கேற்பக் குறைக்கலாம், ஆனால் விறகு அடுப்பு சொன்னவுடன் அணையாது. காற்றைக் குறைத்தால் ஹீட்டர் குழாய் கருகும். டீமேக்கர் ஐயாதான் வழி சொன்னார். "தொட்டி நிறைஞ்சா வழியிறதுக்கு ஒரு ஓட்டை வைக்கிறோமே தம்பி, அது மாதிரி ஒண்ணு வைங்க." பெரிய குழாயின் கடைசியில் ஒரு தகர மடல் வைத்தோம், எதிர்ப்பக்கம் பழைய தராசின் எடைக்கல். அழுத்தம் கூடினால் மடல் தானாக எழும்பி மிச்சத்தை மாடிக்குள் விடும். எடைக்கல்லை முன்னும் பின்னும் நகர்த்தி அளவு வைத்தோம். கொஞ்சம் விறகு வீண்தான். கருகிய இலைக்கு முன்னால் அது பெரிதில்லை. இப்போதெல்லாம் அழுத்தத்தை உணரும் கருவி வைத்து ஃபேன் வேகத்தையே கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு வந்துவிட்டது. நல்லதுதான். எங்களுக்கு எடைக்கல் கிடைத்தது.

இதையெல்லாம் என் மச்சானிடம் சொன்னபோது அவன் சிரித்தான். கட்டாரில் இயற்கை வாயுவைத் திரவமாக்கும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறான். "மச்சான், எங்க கதையும் இதுதான்" என்றான். வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் திரவமாகி, கன அளவு அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருங்கும். அதற்கு முன் அதிலுள்ள ஈரத்தைத் துளிகூட விடாமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே பனிக்கட்டி கட்டி அடைத்துவிடும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிரப்பிய உயரமான கலன்கள் பக்கம் பக்கமாக நிற்கும். சில உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, நிறைந்துபோன ஒன்றைச் சூடான வாயு விட்டு உலர்த்துவார்கள். உறிஞ்சும் கலன்களில் ஒன்றுக்கு மட்டும் வாயு கூடுதலாகப் போனால் அதன் மணிகள் முதலில் நிறைந்து, ஈரம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். மற்றவற்றில் இன்னும் இடமிருந்தும் பயனில்லை. முதலில் தோற்கிற கலனின் கணக்குக்குத்தான் எல்லாக் கலன்களும் ஆட வேண்டும். அவன் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது. கணினி வால்வுகளைத் தானாகத் திருப்புகிற இடத்திலும், எல்லா வால்வும் பாதி மூடிக்கிடந்தால் சந்தேகப்பட வேண்டுமாம். ஏதாவது ஒரு வால்வாவது ஏறக்குறைய முழுக்கத் திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அழுத்தத்தை உண்டாக்கி அதை வால்விலேயே தின்னக் கொடுக்கிறோம் என்று அர்த்தம். அங்கே வாயுவை உலர்த்துகிறார்கள், நாங்கள் இலையை உலர்த்துகிறோம். ஒன்றாம் ட்ரஃபின் டெம்பரை முழுக்கத் திறந்து வைத்ததற்கு அன்றைக்குத்தான் எனக்கு முழுக் காரணமும் கிடைத்தது.

வாட்டும் மாடி மாமா ஓய்வு பெறும் தறுவாயில் ஒருநாள் கேட்டார். "தம்பி, இந்த போல்ட்ட நம்ம லயத்துக் குழாய்க்கும் போட ஏலாதா?"

ஏலும் என்றேன். ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினோம். எங்கள் கடைசி லயத்தின் கிளையை முழுக்கத் திறந்து வைப்பது, மற்ற நான்கிலும் ஒவ்வொரு வால்வு போட்டு, ஒரு வாளி நிறைய எத்தனை நிமிடம் என்று பார்த்து, கீழிருந்து ஒவ்வொன்றாகச் சமமாக்குவது. மூன்று லயத்தார் சரி என்றார்கள். ஒன்றாம் லயத்தில் தலைமுறையாகத் தாராளமாக வாங்கிப் பழகியவர்கள், அவர்கள் வாளி நிறைய இன்னும் இரண்டு நிமிடம் கூடும் என்றதும் எழுந்துவிட்டார்கள். நான் சாய்ந்த பலகையையும் சாயத் தண்ணீரையும் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். "நீ படிச்சவன், உனக்குத் தெரியும்" என்று ஒரு பெரியம்மா சொன்ன விதத்தில் வாயை மூடிக்கொண்டேன். நான்கு மாதம் கழித்துத்தான் வால்வுகளைப் போட முடிந்தது, அதுவும் தொட்டியைப் பெரிதாக்கிய பிறகு.

இப்போது காலையில் எங்கள் லயத்திலும் தண்ணீர் வருகிறது. அம்மா வாளியை வைத்துவிட்டு உள்ளே போய் டீ ஊற்றிக்கொண்டு வருவார், அதற்குள் நிறைந்திருக்கும். பெரியம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் தண்ணியை வெட்டினவன் என்றுதான் சொல்வார். போன தீபாவளிக்குப் போனபோது அவர் வீட்டு வால்வின் சிவப்புப் பெயின்ட் சுரண்டியிருந்தது. கைப்பிடியை அசைத்துப் பார்த்தேன், போல்ட் அப்படியே இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.